மரைத்தடம்

மரை என்கிற கடமான் கத்தினால் தாத்தா பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். லயத்துக்குப் பின்னால் டர்பன்டைன் மரங்களுக்குள்ளிருந்து வரும் அந்தச் சத்தம், வெண்கலப் பானையை ஓங்கித் தட்டினது போல. ஒரு தட்டு. பிறகு அமைதி. மறுபடி ஒன்று. “புலி எறங்கிருச்சுடா. நாய உள்ள போடு” என்பார். எங்கள் பக்கம் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர்.

இலங்கை மலையகத்து வலப்பனையில் தேயிலை முடிகிற இடத்தில் பத்தனைப் புல் தொடங்கும். அங்கேதான் தாத்தா வெள்ளைக்காரத் தொரைக்குத் தடம் பார்த்திருக்கிறார். வேட்டைக்குப் போன நாளுக்கும் தோட்டத்துச் சம்பளக் கணக்கான செக்ரோலில் ஒரு பேர் விழும், பங்களா வேலை என்று. துவக்கு தொரை கையில். தாத்தா கையில் கவ்வாத்துக் கத்தி மட்டும்.

போன மாதம் தம்பி மகன் கைபேசியில் ஒரு ஆப்பிரிக்க வேட்டைப் படம் காட்டினான். ஊர்க்காரர் ஒருவர் குந்தியிருந்து, மணலில் பதிந்த குளம்பைச் சுற்றி ஒரு குச்சியால் வட்டம் போட்டார். எனக்கு நெஞ்சை அடைத்தது. தாத்தாவும் அப்படித்தான், கத்தி நுனியால் வட்டம் போடுவார். “ரெண்டு பொளவும் விரிஞ்சிருக்கா? அப்ப ஓடியிருக்கு. சேந்திருந்தா மேஞ்சுக்கிட்டுப் போயிருக்கு. குழிக்குள்ள தண்ணி கலங்கலா இருந்தா இப்பத்தான் போயிருக்கு, பேசாத.”

படத்தில் இருந்தது மறிமான். அதன் கொம்பு சாகும்வரை தலையிலேயே இருக்கும். நம்முடைய மரைக்கு அப்படி இல்லை. கடாவுக்குக் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். காட்டில் பொறுக்கிய ஒற்றைக் கொம்பொன்று எங்கள் காம்பராச் சுவரில் இருந்தது. அதில் தாத்தா கம்பளியை மாட்டுவார். மழைநாளில் அந்தக் கம்பளியிலிருந்து எழும் ஈர வாடையை இதை எழுதும்போதும் முகர்கிறேன்.

சாமுவேல் பேக்கரைப் படித்தபோதும் அந்த வாடை வந்தது. 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட வந்த ஆங்கிலேயர் அவர். மரையை ‘எல்க்’ என்று எழுதினார். வேட்டை நாய்களை ஏவி, நாய்கள் மடக்கிய மரையைக் கத்தியால் குத்தி முடிப்பது அவர் வழக்கம். விரட்டுப்பட்ட மரை ஓடையில் இறங்கி, தண்ணீரில் நின்றபடி நாய்களை எதிர்க்கும் என்று எழுதியிருக்கிறார்.  அந்தப் புத்தகத்தைப் பார்த்தேயிராத தாத்தா, “அது தண்ணியத் தேடித்தான் ஓடும். வழிய விட்டுட்டு ஓடைக்குப் போ” என்பார். பேக்கர் பின்னாளில் நைல் பக்கம் போய், வாளால் யானையை வீழ்த்தும் ஹம்ரான் அரபிகளோடு அலைந்தார். மலையை விட்டு ஆப்பிரிக்கா போன பிறகும் அவருக்கு முன்னால் அந்த மண்ணை அறிந்த ஒருவர் நடந்துகொண்டேதான் இருந்தார்.

தாத்தாவிடம் எனக்குப் பிடித்தது வேறு. குட்டித்தடம் கூட வந்தால் கத்தியை மடியில் சொருகிக்கொண்டு, தொரையிடம் “தடம் அழிஞ்சிருச்சுங்க” என்பாராம். அது பொய். அவர் சொன்ன பொய்களில் நான் பெருமைப்படுவது அதுதான்.

அதனால்தான் கம்பிச் சுருக்கு அவருக்கு ஆகாது. பன்றிக்கு என்று வைத்தாலும், யார் கழுத்து என்று கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்துப்போனது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். எங்கள் கிழங்குப் பாத்தியும் போயிருக்கிறது. ஆனாலும் சுருக்கு வேண்டாம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காவலுக்குப் படுப்போம், தகரம் தட்டுவோம்.

தாத்தா போய் வெகுகாலம் ஆகிறது. முந்தாநாள் ராத்திரி மரை கத்தியது. ஒரு தட்டு, அமைதி, மறுபடி ஒன்று. நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். நாய் தானாகவே உள்ளே வந்துவிட்டது.

விடிந்ததும் ஓடைப் பக்கம் போனேன். மிலாறு ஒன்றை ஒடித்துக்கொண்டு வேலியோரம் பார்த்தபோது கம்பி எதுவும் இல்லை. சேற்றில் பெரிய குளம்பு, இரண்டு பிளவும் விரிந்து. பக்கத்திலேயே சின்னது ஒன்று. குந்தி, இரண்டையும் சுற்றி வட்டம் போட்டேன். குழிக்குள் தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது.