ஒரே குழிக்கு ரெண்டு ஆழம்

ஒப்பந்தம் என்றால் ரெண்டு கையெழுத்து. ஒன்று அரசாங்கத்துடையது, மற்றது காண்ட்ராக்டருடையது. அவர்களுக்குள் தகராறு வந்தால் யாரிடம் போவது, எப்படித் தீர்ப்பது என்பதற்கெல்லாம் அதில் விதி உண்டு. மண் சுமக்கிறவளுக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை. அவள் வாய் திறந்தால் அதற்குப் பேர் தகராறுகூட இல்லை, தொந்தரவு.

1992 நவம்பரில் தாமிரபரணி பெருகி ஓய்ந்தபின் ஏரல் பக்கம் கரை போட்டார்கள். அளவெடுத்து எழுதுவது, பில்லைச் சரிபார்ப்பது, கூலி போடும்போது கூட நிற்பது என் வேலை. முதல் நாள் காண்ட்ராக்டர் என்னைத் 'தம்பி' என்றார். மறுநாள், "எந்தத் தெரு தம்பி?" என்றார். சொன்னேன். அதோடு 'தம்பி' போயிற்று.

மண் வெட்டும் குழியில் நடுவே ஒரு சின்னத் திட்டை வெட்டாமல் விடுவார்கள். பழைய தரை எவ்வளவு உயரம் என்பதற்கு அதுதான் சாட்சி. பத்தடி நீளம், பத்தடி அகலம், மூணடி ஆழம் என்றால் 300 கன அடி. காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட என் அளவுப் புத்தகத்தில் மூணடி. மேட் வைத்திருந்த நோட்டில் அதே குழி ரெண்டரை அடி. அரசாங்கத்திடம் 300-க்குப் பணம். எங்க சனத்துக்கு 250-க்குக் கூலி.

சனிக்கிழமை, எனக்குச் சித்தி முறையாகிறவள் ரூவாயை வாங்க மாட்டேன்னுட்டா. "தோண்டுனவ நான். ஆழம் எனக்குத் தெரியாதா?" எல்லாரும் மம்பட்டியைக் கீழே போட்டார்கள். "ஏல, வாங்கிட்டுப் போங்கல" என்று மேட் கத்தினான். காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பி, "ஒங்க ஆளுகதான, நீயே சமாதானம் பண்ணு" என்றார்.

சமாதானம்! வாங்கிக்கிட்டு வாயை மூடு என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு எங்க தெருவில் வேறு அர்த்தம் கிடையாது.

1970-ம் வருச ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21-ம் பிரிவு. கூலி கொடுக்கும்போது வேலை கொடுத்த நிர்வாகத்தின் ஆள் உடனிருந்து, கொடுத்த தொகைக்குச் சான்று எழுத வேண்டும். காண்ட்ராக்டர் குறைத்தால் நிர்வாகமே கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ளலாம். நான் அளவுப் புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசித்தேன். "சித்தி, டேப்பு நுனியைத் திட்டு மேல வச்சுப் பிடிங்க" என்றேன். பிடித்தாள். மூணடி. சான்று எழுத மாட்டேன் என்றேன். பொழுதடையுமுன் பாக்கிக் கூலி வந்தது.

மேலதிகாரி கூப்பிட்டு, "நடுநிலை தவறிட்டீரே" என்றார். ரெண்டு மாதத்தில் இடமாற்றம். எது நடுநிலை? ரெண்டு கணக்கும் தெரிந்தவன் புத்தகத்தை மூடி வைத்திருப்பதா? சாதி நடுவே நிற்கிற இடத்தில் வாயடைத்து நிற்பவன் ஏற்கெனவே ஒரு பக்கம் நிற்கிறான்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் பொறுப்பில்தான் பொதுப்பணியும் இருந்தது. கட்டடமும் கூலியும் ஒரே மேஜையில் இருந்த காலம் அது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலத்தை ஒட்டிய சாலை அறுந்தது. இப்போது குழி தோண்ட ஜேசிபி வந்துவிட்டது. ஆனால் கம்பி கட்டுவதும் சித்தாள் வேலையும் இன்னும் கையால்தான். 2025 நவம்பரில் பழைய சட்டம் போய்த் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் கூலியைக் குறைத்தால் நிர்வாகம் பொறுப்பு என்பது அதிலும் இருக்கிறது. டிப்ளமோ முடித்து சைட்டுக்குப் போகிற நம்ம பிள்ளைகள் சிமெண்டு கலவையோடு இதையும் படிக்கட்டும். அளக்கும்போது டேப்பின் மறுநுனியை வேலை செய்தவர் கையில் கொடுக்கட்டும்.