ஃபர்னஸா, ஹீட் பம்பா? – ஒரு வீட்டுப் பட்டிமன்றம்

ஆறு மாசமா எங்க வீட்டுல ஒரே பட்டிமன்றம். வீட்டைச் சூடாக்க உகந்தது கேஸ் ஃபர்னஸா, ஹீட் பம்பா? கேஸ் அணித் தலைவி அம்மா. எதிரணியில என் பொண்ணு. தீர்ப்பும் சொல்லி, காசும் கட்டவேண்டிய நடுவர் அடியேன் :-)

டொரொண்டோ பக்கம் மிசிசாகாவுல இருக்கோம். பேஸ்மென்ட் ஃபர்னஸுக்கு 20 வயசு தாண்டியாச்சு, ஏசிக்கும் அதே வயசு. சோதிக்க வந்தவர் உள்ளே துருவைக் காட்டி, "இதுல விரிசல் விட்டா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரலாம், இன்னொரு குளிர்காலம் ஓட்டாதீங்க"ன்னுட்டார். அம்மாவுக்கு 78 வயசு, கூடவே ஆஸ்துமா. தள்ளிப்போடற விஷயமில்லை.

ஹீட் பம்ப் ஒண்ணும் புது மாயம் இல்லீங்க. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கற சூட்டை எடுத்து வெளியே தள்ளுதே, அதே வேலைதான். வெயில் காலத்துல ஏசி. குளிர்ல அதையே திருப்பிவிட்டா ஹீட் பம்ப். சூட்டை உண்டாக்கறதில்லை, இடம் மாத்துது. அதனால வெளியே 8 டிகிரி இருந்தா, 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் சூடு கிடைக்கும். மைனஸ் 15ல அது 2 பக்கம் இறங்கிடும்.

கேஸ் கணக்கு வேற. 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸ்ல 1 கன மீட்டர் எரிச்சா சுமார் 10 யூனிட் சூடு. ஆக, ஹீட் பம்ப் 1க்கு 2.5 குடுக்கற குளிர்ல, 4 யூனிட் கரண்டும் 1 கன மீட்டர் கேஸும் சமம். உங்க ரெண்டு பில்லையும் பக்கத்துல வெச்சு, டெலிவரி, வரி எல்லாம் சேர்த்து இந்தக் கணக்கைப் போடுங்க. 2025 ஏப்ரல்ல கன மீட்டருக்கு 15 சென்ட்டுக்கு மேல இருந்த கார்பன் கட்டணத்தை எடுத்தப்போ, தராசு கேஸ் பக்கம் சாய்ஞ்சுது. இன்னொரு பக்கம், ராத்திரி 11ல இருந்து காலை 7 வரைக்கும் மலிவா கரண்ட் தர்ற திட்டமும் ஒண்டாரியோவுல இருக்கு.

அம்மாவோட வாதம் பில்லுல இல்லை. ஃபர்னஸ் காத்து 50 டிகிரி பக்கம் சுடச்சுட வரும், வென்ட் மேல நின்னு குளிர் காயலாம். ஹீட் பம்ப் காத்து 35, 40தான். உடம்புச் சூடே 37 ஆச்சே, கைக்கு எப்படித் தெரியும்? தம்பி வீட்டுல தெர்மோஸ்டாட் 21ன்னு காட்டுது, அம்மா சால்வையோட உக்காந்து "காத்துதான் வருது, சூடு எங்கடா?"ங்கறாங்க.

"கரண்ட் போனா என்ன செய்வே?"ன்னும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. 2013 டிசம்பர் பனிமழையில டொரொண்டோவுல சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருட்டாச்சு. ஆனா கேஸ் ஃபர்னஸோட விசிறியும் கரண்ட் இல்லாம சுத்தாது. அந்தச் சுற்று டிரா.

பொண்ணு கட்சி: "இங்க கரண்ட் பெரும்பாலும் அணு உலையும் நீர்மின்சாரமும்தான். அப்புறம் எதுக்கு கேஸை எரிக்கணும்?"

எனக்குப் பிடிபட்டது ஒண்ணுதான். நாம எல்லாரும் மைனஸ் 20 ராத்திரியை நினைச்சு முடிவு பண்றோம். அது வருஷத்துக்குச் சில ராத்திரிதான். ஜனவரியிலகூட சராசரி மைனஸ் 5 பக்கம். மிச்ச நாளுக்கெல்லாம் ஹீட் பம்ப் தாராளமாப் போதும். அதுவுமில்லாம ஏசியும் எப்படியும் மாத்தணும். அந்த இடத்துல ஹீட் பம்ப் வெச்சா கூடுதல் செலவுதான் கணக்கு.

அப்போ முழுசா கரண்டுக்கே மாறலாமேன்னா, எங்க வீட்டு இணைப்பு 100 ஆம்ப்தான். கடுங்குளிருக்கு 15 கிலோவாட் ஹீட்டர் போட்டா அதுவே 60 ஆம்புக்கு மேல இழுக்கும்.

தீர்ப்பு: ரெண்டும். மைனஸ் 8 வரைக்கும் ஹீட் பம்ப், அதுக்குக் கீழே போனா சின்னதா ஒரு கேஸ் ஃபர்னஸ். ராத்திரியில வெப்பத்தைக் குறைக்காம ஒரே அளவுல விடணும். மெதுவா, தொடர்ந்து ஓடினாத்தான் வீடு முழுக்கச் சூடு பிடிக்கும். அம்மா ரூம்ல மட்டும் காத்து நேரா கட்டில் மேல படாம வென்ட்டைத் திருப்பி வெச்சாச்சு.

கொட்டேஷன் குடுத்த நாலு பேர்ல ஒருத்தர்தான் ஜன்னல், சுவரெல்லாம் அளந்து வீடு எவ்வளவு சூட்டை இழக்குதுன்னு கணக்குப் போட்டார். மத்தவங்க சதுர அடி கேட்டதோட சரி. அளந்தவருக்கே வேலையைக் குடுத்தேன்.

கால்கரி, சிகாகோ மக்களே, உங்க ஊர் குளிரும் பில்லும் வேற, கணக்கும் மாறும். பெரியவங்க இருக்கற வீட்டுல ஹீட் பம்ப் வெச்சவங்க யாராவது இருந்தா, அவங்க என்ன சொல்றாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பில்லைவிட அதுதான் எனக்கு முக்கியம்.