இரண்டு வெள்ளைக் கேன்கள்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, நான் அக்கடலோரத்தில் ஒரு சிறிய பங்கின் பொறுப்பில் இருந்தேன். விடிந்து கதவைத் திறந்தால் சாலையைக் காணவில்லை. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கோயில் வளாகத்து வேம்பு பங்கு இல்லத்தின் ஓட்டின்மேல் சாய்ந்திருந்தது. மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்காயிற்று.

அந்நாள்களில் ஊரைத் தாங்கியவை இரண்டு சிறு எஞ்சின்கள் என்றால் மிகையாகாது. ஒன்று, தண்ணீர் மோட்டாரை ஓட்டுவதற்காக வைத்திருந்த பெட்ரோல் ஜெனரேட்டர். மற்றொன்று, எங்கள் பங்கைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் வட்டிக்குப் பணம் எடுத்து வாங்கியிருந்த பவர் சா. மரம் அறுக்கும் கூலியில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆயினும் அந்த வாரம் முழுவதும் அவர் எவரிடமும் கூலி கேட்கவில்லை.

ஜெனரேட்டருக்கு வெறும் பெட்ரோல்; அவருடைய மெஷினுக்கு 2டி ஆயில் கலந்த பெட்ரோல். இரண்டும் ஒரே அளவான, ஒரே வெள்ளை நிறமான பிளாஸ்டிக் கேன்களில் தாழ்வாரத்தில் அடுத்தடுத்து இருந்தன. மூன்றாம் நாள் நண்பகலில் அவர் ஓட்டின்மேல் நின்றவாறே மெஷினைக் கயிற்றில் இறக்கி, "சாமி, பெட்ரோல் தீந்துருச்சு, கொஞ்சம் ஊத்திக் குடுங்க" என்றார். கையில் கிடைத்த கேனை எடுத்து ஊற்றினேன். உதவி செய்கிறோம் என்ற நிறைவும் இருந்தது.

சிறிது நேரத்தில் எஞ்சினின் ஓசை கீச்சென்று ஏறியது, பிறகு நின்றது. அவர் இழுகயிற்றை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இறங்கி வந்து, கேனிலிருந்து ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "பரவாயில்லை சாமி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தப் 'பரவாயில்லை'தான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நம் கார்களில் இருப்பதுபோல் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. பெரும்பாலான மெஷின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சில பழைய மெஷின்களுக்கு 40 மில்லி. ஒரு தேக்கரண்டி 5 மில்லி என்றால், நான்கு கரண்டி எண்ணெயில் நிற்கிறது அதன் ஆயுள். அது இல்லாவிடில் பிஸ்டனும் சிலிண்டரும் உரசிச் சூடேறி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கலந்த பெட்ரோலில் எண்ணெயின் சாயம் தெரிந்திருக்கும். நான் கவனிக்கவில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறொன்று. ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா, ஆயத்த எண்ணெய், நோயாளர் எண்ணெய் ஆகிய மூன்றையும் தனித்தனிச் சிமிழில், எழுத்துப் பொறித்து வைப்பவன் நான். ஒன்று மற்றொன்றாகிவிடக் கூடாது என்று குருமடத்திலேயே பழக்கியிருந்தார்கள். தாழ்வாரத்துக் கேன்களில் ஓர் எழுத்தையாவது எழுத எனக்குத் தோன்றவில்லை.

மெஷினை நகரத்துக்கு எடுத்துச் சென்றேன். சிலிண்டரும் பிஸ்டனும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். செலவு என்னுடையது, ஆனால் உதிரிப்பாகம் வந்துசேர 11 நாள் ஆயிற்று. அந்த 11 நாளும் அவர் கோடரியோடு போனார்.

காத்திருந்த நேரத்தில் அக்கடையில் கேன்களைப் பார்த்தேன். ஒரே பிடியில் இரண்டு அறைகள் கொண்ட கேன் ஒன்று இருந்தது: பெரிய அறையில் கலவைப் பெட்ரோல், சிறியதில் சங்கிலிக்கான ஆயில். காட்டில் நாள் முழுதும் அறுப்பவர்க்கு அது வசதிதான். ஆனால் அது பிளாஸ்டிக். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க இடம் தருகிறது; கலனோ கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகமாய் இருக்க வேண்டும், உலோகமாயின் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது என்கிறது. ஆகவே தகரத்தையே தேர்ந்தேன்.

20 லிட்டர் கலனை எடுக்கப்போனவனை மெக்கானிக் தடுத்தார். நிறைந்தால் பெட்ரோல் மட்டும் ஏறத்தாழ 15 கிலோ. அரை லிட்டர் பிடிக்கும் டாங்கில் அதைச் சாய்த்து ஊற்றுவது எப்படி? பாதி தரையில் போகும். மேலும், கலந்து வைத்த பெட்ரோல் நாள்பட்டால் கெடும். இன்று பம்புகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் சொல்லவா வேண்டும்! ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே போதும். 5 லிட்டர் கலன் இரண்டு வாங்கினேன்: நீண்ட மூக்கும், வாயில் ரப்பர் வளையமும், இறுகப் பூட்டும் மூடியும் உள்ளவை. புனல் தேவைப்படாத கலனே நல்ல கலன் என்பது என் கட்சி. புனல் மண்ணில் கிடந்து, அந்த மண்ணையே டாங்குக்குள் கொண்டுபோகும்.

நிரப்பும்போது கலனை வண்டிமேல் வைக்காமல் தரையில் வைத்து, பம்பின் குழாய் அதன் வாயைத் தொட்டிருக்கப் பிடிக்க வேண்டும் என்பதும் அன்று அறிந்ததே. நிலைமின்பொறி ஒன்று போதும். வெப்பத்தில் விரிய மேலே சற்று இடமும் விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். எங்கள் தாழ்வாரத்திலிருந்து சமையலறை எட்டடி. கலன்களைப் பின்புறக் கொட்டகைக்கு மாற்றினேன்.

ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்குப் பச்சையும் வண்ணம் தீட்டி, கலக்கும் அளவையும் எழுதினேன். மெஷின் வந்த அன்று அவரை அழைத்துப் பெருமையோடு காட்டினேன். அவர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு சாமி. கரண்டு இல்லாத ராத்திரியில செவப்பு எப்படித் தெரியும்?"

பிறகு கீழே கிடந்த கயிற்றுத் துண்டொன்றை எடுத்து, கலவைக் கலனின் பிடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.