வாசற்படி இல்லாத குளியலறை

தூத்துக்குடிக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் கடல் கிடந்தாலும், குடிப்பதற்குத் தாமிரபரணியைத்தான் நம்ப வேண்டும். வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டு அந்த நல்ல தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரை இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அதே ஊரில், தண்ணீர் வருகிறதே என்று ஒரு குடும்பமே தூக்கம் கெட்டுக் கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் நண்பர் கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பூர்வீக வீட்டில் கீழ்த்தளம் அண்ணாச்சிக்கு, மாடி இவருக்கு. பாகப் பிரிவினையில் முளைத்த மனஸ்தாபத்தால் ஒன்பது வருஷம் இருவரும் பேசவில்லை. கடைசியில் தாயார்தான் சேர்த்துவைத்தாள். ஆறு மாதம் கீழே, ஆறு மாதம் மேலே என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவோ இறங்கவோ வேண்டும். அந்த இருபது படிகளில்தான் அவர்கள் மறுபடியும் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

தாயார் கால் தூக்கி வைக்கவே வேண்டாதபடி, படியில்லாத குளியலறை ஒன்றை மாடியில் கட்ட நினைத்தார் நண்பர். நாற்பது வருஷம் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? டைல்ஸ் ஒட்டுவதைக் கைப்பேசியில் படம் படமாகப் பார்த்து, தாமே செய்ய இறங்கிவிட்டார்.

செய்ததையும் ஒழுங்காகவே செய்தார். டைல்ஸும் அதன் இடுக்கில் பூசும் சாந்தும் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அந்த இடுக்கு வழியே ஈரம் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தடுப்பது, டைல்ஸுக்கு அடியில் ரப்பர்போல் படியும் நீர்த்தடுப்புப் பூச்சு. நண்பர் தரையை அடிக்குக் கால் அங்குலம் வீதம் ஜலதாரையை நோக்கிச் சரித்தார். சுவரும் தரையும் சேரும் மூலைகளைச் சாந்தால் வளைத்து, வலைத்துணி பதித்தார். முதல் பூச்சைக் கிழக்கு மேற்காகவும், அது காய்ந்த பின் இரண்டாவதைத் தெற்கு வடக்காகவும் பூசினார். ஜலதாரையை அடைத்து, வாசலுக்கு ஒரு சாண் உள்ளே களிமண்ணால் வரப்பு கட்டி, 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்தார். கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதன் பிறகே டைல்ஸ் ஒட்டினார்.

மூன்றாவது வாரம் அண்ணாச்சியின் பூஜை அறைக் கூரையில் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது. பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு சொட்டத் தொடங்கியது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போதுகூட அந்த அறை ஒழுகவில்லையாம். இப்போது மழையே இல்லாத மாதத்தில் முருகன் படத்தின்மேல் சொட்டுகிறது. மதினி ஒரு பித்தளைச் சட்டியை எடுத்து வைத்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சட்டியில் விழுந்த 'டக், டக்' சத்தமே மாடிக்குக் கேட்டது.

நான் போயிருந்தபோது நண்பர் உளியும் சுத்தியுமாக நின்றார். எல்லாவற்றையும் உடைத்துவிடப் போகிறாராம். நான் தடுத்தேன். நோய் எதுவென்று தெரியாமல் கத்தி வைப்பார்களா? ஒவ்வொரு சந்தேகமாகத் தள்ளிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் யாரும் அங்கே குளிக்கவில்லை. குழாயில் மட்டும் தண்ணீர் நிறைந்து நின்றது. சாயங்காலத்துக்குள் சொட்டு நின்றுவிட்டது. ஆகவே சுவருக்குள் ஓடும் குழாயின்மேல் பழி இல்லை. இரண்டாம் நாள் ஜலதாரைக்குள் ரப்பர் குழாயை விட்டு வாளி வாளியாக ஊற்றினோம். கீழே காய்ந்தே இருந்தது. கழிவுக் குழாயும் விடுதலை. மூன்றாம் நாள் பழையபடி வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கினோம். நான்காம் நாள் வரப்பை எடுக்காமலே ஷவரைச் சுவர்மேல் திருப்பிவிட்டோம். இரண்டுக்கும் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் வரப்பை எடுத்துவிட்டுத் தாயாரை வழக்கம்போல் குளிக்கச் சொன்னோம். விளக்கு வைப்பதற்குள் சட்டியில் சத்தம் கேட்டது.

நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது அண்ணாச்சி மாடியேறி வந்தார். அவர் ஒரு காலத்தில் பழைய துறைமுகத்தில் தோணி கட்டுகிறவர்களுக்கு மரம் விற்றவர். சற்று நேரம் தரையைப் பார்த்தார்.

"ஏலே, நாலு நாளா இல்லாத சொட்டு, வரப்பை எடுத்த அன்னைக்குத்தானே வருது? அப்போ வரப்புக்கு உள்ளே குத்தமில்லை. வெளியே பாரு. பலகை நடுவிலே தோணி ஒழுகாது. பலகையும் பலகையும் சேருற இடத்திலேதான் ஒழுகும். நீ பூசின தோல் எங்கே முடியுது?"

"வாசக்காலோட முடியுது அண்ணாச்சி" என்றார் நண்பர், குரல் இறங்கி.

அங்கேதான் இருந்தது விஷயம். படி இல்லாததால் குளிக்கிற தண்ணீர் தெறித்தும் காலோடு வந்தும் வாசலைத் தொட்டது. குளியலறைத் தரையும் வெளியறைத் தரையும் சேரும் இடத்தில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. அதற்கு அடியில் பூச்சு இல்லை. பரீட்சைக்குக் கட்டிய வரப்போ, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தண்ணீர் தொடாமல் காத்துவிட்டது. கேட்காத கேள்விக்கு எந்தப் பரீட்சை பதில் சொல்லும்?

வாசலில் இரண்டு வரிசை டைல்ஸை மட்டும் பெயர்த்தோம். நன்றாகக் காயவிட்டு, பழைய பூச்சின்மேல் ஒரு கையகலம் ஏறும்படி, வெளியறைக்குள் ஓர் அடி தூரம்வரை புதிய பூச்சு போட்டோம். வாசக்காலின் இரு பக்கமும் மேலேற்றிப் பூசினோம். டைல்ஸை உள்நோக்கிச் சரித்து ஒட்டினோம். சேருகிற இடத்தில் சிமெண்ட் வைக்க அண்ணாச்சி விடவில்லை. தோணிக்குக் கலப்பத்து அடிக்கும்போது பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்களாம். மரம் அசைந்தால் அதுவும் கூட அசைந்து கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. தரையும் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்குவதுதானே? ஆகவே அங்கே இழுத்தால் நீளும் சிலிக்கான் பசையை வைத்தோம்.

கூரையையும் சும்மா விடவில்லை. தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலித்த காரையை எடுத்தோம். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நல்ல காலம், கம்பியில் இலேசான துருதான். தேய்த்துச் சுத்தம் செய்து மருந்து பூசினோம்.

"சிப்பிக்குள்ளே வேண்டாதது போனா முத்து வரும். சுவத்துக்குள்ளே போனா உப்புத்தான் வரும்" என்று சிரித்தார் அண்ணாச்சி. 1961-இல் கடைசியாக நடந்த முத்துச் சலாபத்தைச் சிறுவனாகக் கரையில் நின்று பார்த்தவர் அவர்.

மறுபடியும் தண்ணீர் தேக்கினார்கள். இந்தத் தடவை வரப்பு வாசலுக்கு வெளியே. அன்று இரவு நண்பர் மாடியில் அந்த வரப்பின் பக்கத்திலேயே படுத்தார். அண்ணாச்சி பூஜை அறையில் பாயை விரித்து, கூரையைப் பார்த்தபடி படுத்தார். நடுராத்திரியில் மேலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, சொட்டுதா?" கீழிருந்து பதில்: "இல்லைடா, நீ தூங்கு."

அடுத்த அறையில் விழித்துக் கிடந்த தாயார் அதைக் கேட்டாள். காலையில் காபி கொடுக்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஒழுகினாலும் பரவாயில்லைன்னு தோணிச்சு, தம்பி."