அடிவாரத்து இரவுக்கு எந்தப் படுக்கை?

சித்திரை பிறந்துவிட்டால், ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவில் பக்கம் போகும் சாலையில் பொழுது சாயும் நேரம் பைக்குகள் போய்க்கொண்டே இருக்கும். கைப்பிடியில் தூக்குவாளி, பின் சீட்டில் சுருட்டிக் கட்டிய பாய், பையில் டார்ச் லைட். சப்பட்டை மாங்காய் முற்றித் தொங்கும் நேரம் அது. குரங்கு, பன்றி, யானை, திருடர் என நாலு பக்கமும் கண் வைத்திருக்க, காவலுக்கு ஆள் இல்லாமல் தோப்பை விட முடியாது.

இளவட்டங்கள் சிலர் இப்போது பாய்க்குப் பதிலாக ஸ்லீப்பிங் பேக் கொண்டு வருகிறார்கள். "என்ன மாப்ளே, சித்திர வெயில்ல கம்பளி மூட்டையோட வந்துருக்க?" என்று பெரியவர்கள் கிண்டல் செய்கிறார்கள். கிண்டலில் நியாயம் இருக்கிறது.

குளிருக்குச் செய்த பை

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தருவதில்லை. உள்ளே இருக்கும் பஞ்சு, உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. கோடைக்கென்று விற்கும் பைகளிலும் 10 டிகிரி, 15 டிகிரி என்று எண் போட்டிருக்கும். அந்த அளவு குளிர் வரை அதற்குள் தூங்கலாம் என்பது அதன் பொருள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சமவெளியில் சித்திரை இரவு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அந்தப் புழுக்கத்தில் பைக்குள் நுழைந்தால் அரை மணியில் உடம்பு வியர்வையில் நனைந்துவிடும். கடைசியில் பையை விரித்து அதன் மேலேயே படுப்பார்கள். கொசுவுக்கும் மற்றதற்கும் உடம்பு திறந்து கிடக்கும்.

தரையில் திரியும் ஆபத்து

அந்த 'மற்றது' கட்டுவிரியன். பகலில் பதுங்கி, இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரின் படுக்கைக்குள் நுழைந்து, அவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல் பட்ட இடமே தெரியாமலும் போகும். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குவது, எச்சில் விழுங்க முடியாமை, நாக்குக் குழறுவது எனத் தொடங்கும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இவை வந்தால், கடித்த தடம் தேடி நேரம் கடத்தக் கூடாது. கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை உண்டு. விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

ஆகவே, இந்த அடிவாரத்தில் படுக்கை செய்ய வேண்டிய வேலை இரண்டு. காற்றை உள்ளே விட வேண்டும். ஊர்வதையும் பறப்பதையும் வெளியே நிறுத்த வேண்டும்.

பைக்கில் அடங்கும் படுக்கை

காற்றுக்கு ஏற்றது பருத்திதான். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியைப் பார்த்தாலே இது விளங்கும். இடைவெளி விட்ட இழை ஈரத்தை உறிஞ்சும், காற்றையும் தடுக்காது. பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் குறுக்கே இரண்டாக மடித்து, ஒரு பக்கம் முழுக்கவும் மறுபக்கம் பாதி வரையும் தைத்தால் மெல்லிய படுக்கைப் பை தயார். அரைக் கிலோ எடைகூட வராது. பாதி திறந்திருந்தால்தான் அவசரத்தில் சட்டென வெளியே வர முடியும்.

அதைவிட முக்கியம் கொசுவலை. இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி ஒற்றை ஆள் வலையைத் தொங்கவிட்டு, நாலு பக்கமும் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். செருகிய வலை கொசுவோடு கட்டுவிரியனையும் தடுக்கும். அடியில் தார்ப்பாய்த் துண்டு, மேலே கோரைப்பாய். பிளாஸ்டிக் பாய் முதுகில் வியர்க்க வைக்கும்.

தோப்பிலேயே கயிற்றுக் கட்டில் ஒன்று போட்டு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊர் ஊராகப் பைக்கில் போகிறவர்களுக்கு வலை தைத்த தூளிப் படுக்கை உதவும். அதைத் தொடைப் பருமனுள்ள மரங்களில்தான் கட்ட வேண்டும்.

இடமும் பார்க்க வேண்டும். வைக்கோல் போர், விறகு, பழக் குவியல் பக்கத்தில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். யானைத் தடத்தில் படுக்கக் கூடாது. ஆற்று மணல் குளிர்ச்சியாக இருந்தாலும் ஆகாது. மலையில் பெய்த மழை, கீழே ஒரு தூறலும் இல்லாமலே வெள்ளமாக வந்துவிடும்.

பை எப்போது உதவும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குச் சதுரகிரி பக்தர்கள் வருகிறார்கள். மலையில் இரவு தங்க அனுமதி இல்லை. முந்தின இரவே வந்து கீழே படுப்பவர்களுக்கும் வேட்டிப் பையும் வலையும் போதும். செண்பகத்தோப்பு உள்ளிட்ட மலைக்காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கூடாரம் அடிப்பது குற்றம்.

மார்கழி, தையில் கொடைக்கானல், மூணாறு என்று பைக்கில் ஏறுகிறவர்களுக்கு ஸ்லீப்பிங் பேக் வேண்டும். போகிற ஊரின் இரவுக் குளிர் எத்தனை டிகிரி என்று விசாரித்து, அதைவிடக் குறைந்த எண் போட்ட பையாக வாங்க வேண்டும். ஜிப் கால் வரை முழுதாகத் திறந்தால், சுமாரான குளிரில் போர்வையாகவும் விரிக்கலாம். இறகு வைத்த பை நனைந்தால் சூடு நிற்காது. செயற்கைப் பஞ்சு வைத்தது பனிக்கும் சாரலுக்கும் தாங்கும், சீக்கிரம் காயும். வீட்டில் இறுக்கிக் கட்டி வைக்காமல் தளரத் தொங்கவிட்டால் பஞ்சு அமுங்காது.

எந்தப் படுக்கையானாலும் விரிக்கும் முன் ஒரு உதறு, சுருட்டும் முன் ஒரு உதறு. தேள், பூரான் இருந்தால் அப்போதே விழுந்துவிடும். பிறகு பைக்கில் கட்டிக்கொண்டு, பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம்.