லீக்கோ தெரியுமா?

பாட்டி வீட்டை விற்கப் பத்திர நகல் வேண்டும். குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். போர்டில் ஜெராக்ஸ், மெஷினிலோ கேனான்! கம்பெனி பேரே வேலைக்குப் பேராகிவிட்டது.

பக்கத்து நெய்வேலியும் அப்படி ஒரு பேர் தந்ததுங்க: லீக்கோ. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்டெடுத்த அடுப்புக்கரி. அதிகம் புகையாது. பாட்டிக்கு எந்தக் கரியும் லீக்கோதான். "டேய், லீக்கோ வாங்கிட்டு வாடா!" என்றால் தெருவே திரும்பும்.

கேஸ் வந்தது, கரி போச்சு, பாட்டியும் போயாச்சு.

கடைப் பையனிடம், "தம்பி, லீக்கோ தெரியுமா?" என்றேன்.

"புது போனா சார்? என்ன விலை?"

பத்திரத்தில் எனக்கென்று ஒரு ஜெராக்ஸ் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.