உருகியதும் உருமாறியதும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வயல்களுக்கு அடியில் இருப்பவை வண்டலும் களிமண்ணும் மணற்கல்லும்தான். வீடு கட்டும் ஜல்லிக்கும் வேலிக்கல்லுக்கும் வடமேற்கே, வானூர் வட்டத்துக் கல்குவாரிகளைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட். விழுப்புரம் மாவட்டத்தில் அதை ஊடறுத்து நீளும் கரிய கல் வேறு; அது டோலரைட். ஊரார் இரண்டையும் கருங்கல் என்றே சொல்கிறார்கள். பிறப்பில் ஒன்று உருமாறிய பாறை, மற்றது தீப்பாறை.

டோலரைட்டின் கதை எளிது. பூமிக்குள் ஆழத்தில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூட்டில் உருகிய குழம்பு, பழைய பாறையின் வெடிப்புகளில் ஏறி இறுகியது. வெளிர்நிற ஃபெல்ட்ஸ்பார் மெல்லிய பட்டைகளாகக் குறுக்கும் நெடுக்குமாக வளர, கரிய பைராக்சீன் இடையை நிரப்பியது. குளிர்ந்த சுவரைத் தொட்ட ஓரம் சட்டென்று இறுகியதால் அங்கே மணிகள் மிக நுண்மை. நடுவில் சற்றுப் பெரியவை. பழைய பாறையை ஊடறுத்து நிற்பதே அது வயதில் இளையது என்பதற்குச் சான்று.

சார்னோகைட் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. 1893-இல் அதற்குப் பெயரிட்டவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பகுதியிலிருந்து போன கல் என்பதால் அவர் பெயரே பாறைக்கு வந்தது. ஹாலந்து அதைத் தீப்பாறை என்றே கருதினார். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கிரானைட்டைப் போலவே இருந்ததால் அந்த முடிவில் வியப்பில்லை. ஆனால் கூடவே இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் வேறு கதை சொல்கிறது. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 முதல் 900 டிகிரி சூட்டில், பழைய பாறையின் ஹார்ன்பிளெண்டும் அப்பிரகமும் தம்முள் இருந்த நீரை இழந்து ஹைப்பர்ஸ்தீனாக மாறுகின்றன. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத்தில் களிமண் உருகாமலே வேறொன்றாவது போன்ற மாற்றம் இது. 1960-இல் நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் வெளிறிய நைஸ் பாறைக்குள்ளேயே சார்னோகைட் திட்டுத்திட்டாகப் பிறந்திருப்பதைக் காட்டினார். மாற்றம் பாதியில் நின்ற இடம் அது. தென்னிந்தியப் பாறையியலில் இதைவிட அழகான சான்று அரிது. எல்லாச் சார்னோகைட்டும் இப்படியே வந்ததென்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் குழம்பிலிருந்து நேரே இறுகியதும் உண்டு.

கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். புதிதாக உடைந்த சார்னோகைட் நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும், சில இடங்களில் பட்டை பட்டையாகவும் ஓடும். டோலரைட் சீரான கருமை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே தோற்றம். குவார்ட்ஸ் அதில் கண்ணுக்குப் படாது. ஒரே அளவுத் துண்டுகளானால் டோலரைட்டே கை கனக்கும். இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனிமங்கள் அதில் அதிகம்.

பயனும் அதன்படியே பிரிகிறது. மெருகேற்றினால் கண்ணாடி போலப் பளபளக்கும் டோலரைட், 'பிளாக் கிரானைட்' என்ற வணிகப் பெயரில் கல்லறைப் பலகைகளாகவும் தளக்கற்களாகவும் ஏற்றுமதியாகிறது. கிரானைட்டுக்கும் அதற்கும் உறவு அந்தப் பெயரில் மட்டுமே. சார்னோகைட், கிரஷரில் உடைபட்டு, கிராமத்துச் சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போகிறது. இப்படி உடைபடும் வடதமிழகத்துச் சார்னோகைட் உருமாறி ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன.